ஸ்டேட் கேஸ் முடிஞ்சதுன்னு நினைச்சோம், இப்ப ஃபெடரல்ங்கிறாங்க

கேள்வி: டாலஸ் வாசகர்
பிப்ரவரி 11, 2025, மாலை 6.40

தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. என் தம்பி இங்க மாஸ்டர்ஸ் படிக்கிறான். நவம்பர்ல யாரோ பார்ட் டைம் வேலைன்னு சொல்லி ஒரு பார்சலை வாங்கிட்டு வர அனுப்பியிருக்காங்க. போய் நின்னது ஒரு வயசான அம்மா வீட்டு வாசல்ல. பார்சலுக்குள்ள பணம். லோக்கல் போலீஸ் அங்கயே பிடிச்சிட்டாங்க. பாண்டு கட்டி வெளிய எடுத்தோம். ஜனவரி கடைசியில ஸ்டேட் கேஸை டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. கோயிலுக்குப் போய் அர்ச்சனைகூடப் பண்ணிட்டு வந்தோம். நேத்து காலைல ஆறு மணிக்குக் கதவைத் தட்டி மறுபடி கூட்டிட்டுப் போயிட்டாங்க. ஃபெடரல் சார்ஜாம். ஒரே விஷயத்துக்கு ரெண்டு தடவை கேஸ் போடக்கூடாதுன்னு அமெரிக்க அரசியல் சாசனத்துலயே இருக்கே? ஊர்ல போலீஸ் விட்டதை சி.பி.ஐ. எடுக்கிற மாதிரியா இது? அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

பதில்: பிப்ரவரி 11, இரவு 10.15

தம்பி, அந்த சி.பி.ஐ. கணக்கை முதலில் விட்டுவிடுங்கள். இங்கே வந்த நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஊரில் உள்ளூர் போலீஸ் பிடித்தாலும் சி.பி.ஐ. பிடித்தாலும் எது குற்றம் என்று சொல்வது பெரும்பாலும் ஒரே சட்டம்தான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா. சென்னை சி.பி.ஐ. கோர்ட் கொடுத்த தீர்ப்பை எதிர்த்துப் போனாலும் அதே உயர் நீதிமன்றப் படியைத்தான் ஏற வேண்டும். விசாரிக்கிற ஆள் மாறுவார், கட்டடம் ஒன்று.

இங்கே கட்டடமே இரண்டு. டெக்சாஸ் என்பது ஓர் அரசு. அதற்கென்று குற்றச் சட்டம், போலீஸ், அரசு வக்கீல், கோர்ட், சிறை எல்லாம் இருக்கிறது. தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஃபெடரல் அரசுக்கும், அதாவது மத்திய அரசுக்கும், இத்தனையும் தனியாக இருக்கிறது. 50 மாநிலத்துக்கு 50 சட்டப் புத்தகம். ஃபெடரல் சட்டம் அவற்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, பக்கத்தில் 51ஆவது புத்தகமாக இருக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி. அரசியல் சாசனத்தின் ஐந்தாவது திருத்தம் ஒரே குற்றத்துக்கு ஒருவரை இரண்டு முறை ஆபத்தில் நிறுத்தக்கூடாது என்கிறது. உண்மைதான். ஆனால் ‘குற்றம்’ என்பதை உச்ச நீதிமன்றம் எப்படிப் படிக்கிறது என்றால், ஒரு அரசின் சட்டத்தை மீறுவது ஒரு குற்றம், இன்னொரு அரசின் சட்டத்தை மீறுவது இன்னொரு குற்றம். செயல் ஒன்றாக இருக்கலாம், மீறிய சட்டம் இரண்டு. இதை இரட்டை இறையாண்மை என்பார்கள். மதுவிலக்குக் காலத்திலேயே, 1922இல், லான்ஸா வழக்கில் இது உறுதியானது. வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகர் அல்ல, அதே பெயரில் மேற்கே இருக்கும் மாநிலம்) சாராயம் காய்ச்சியவர்களுக்கு மாநிலமும் அபராதம் போட்டது, ஃபெடரலும் வழக்குப் போட்டது.

கடைசியாக இதை உரசிப் பார்த்தது 2019 ஜூன் 17இல் வந்த கேம்பிள் தீர்ப்பு. அலபாமாவின் மொபீல் நகரில் 2015இல் ஒரு காரை முன்விளக்கு உடைந்திருக்கிறது என்று நிறுத்தினார்கள். உள்ளே துப்பாக்கி. ஓட்டியவர் முன்பே கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர், அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அலபாமா தண்டித்தது. அதே துப்பாக்கிக்காக ஃபெடரலும் தண்டித்தது, கிட்டத்தட்ட மூன்று வருஷம் கூடுதல். உச்ச நீதிமன்றம் 7-2 என்று செல்லும் என்றது. மாறுபட்ட இருவர் கின்ஸ்பர்க், கோர்சச். நீதிமன்றத்தின் இரண்டு எதிர்முனையில் இருந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் சேர்ந்து நின்றார்கள். என் மனசும் அவர்கள் பக்கம்தான். சிறையில் கிடக்கிற ஆள் ஒருவர்தானே.

பிப்ரவரி 12, காலை 5.50

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதியதைத் திருத்த வேண்டும்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு கேம்பிள் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. ‘ஆபத்து’ என்பது கைதானவுடன் தொடங்குவதில்லை. ஜூரி (குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு) நடக்கும் வழக்கில் 12 பேரும் சத்தியப்பிரமாணம் எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. அவன் கேஸ் அந்தக் கட்டத்துக்கே போகவில்லை, அதற்கு முன்பே டிஸ்மிஸ். அப்படியென்றால் டெக்சாஸேகூட, காலக்கெடு தாண்டாத வரை, மறுபடி போடலாம். நீங்கள் அர்ச்சனை செய்த அந்த டிஸ்மிஸல் பெரும்பாலும் விடுதலை இல்லை, கைமாற்றம். ஃபெடரல் ஆட்கள் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மாநிலத்துக்காக வழக்கு நடத்தும் மாவட்ட அரசு வக்கீல் தன் கேஸை விட்டுவிடுவது இங்கே வழக்கம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாநிலம் விசாரித்து முடித்த விஷயத்தை மறுபடி எடுப்பதற்கு ஃபெடரல் வழக்குகளைப் போடும் நீதித் துறைக்கு (அது அரசுத் துறை, கோர்ட் அல்ல) உள்ளேயே ஒரு கட்டுப்பாடு உண்டு. 1960ஆம் வருஷத்து வழக்கு ஒன்றின் பெயரால் பெட்டிட் கொள்கை என்பார்கள். மேலிடத்து அனுமதி வேண்டும், முக்கியமான ஃபெடரல் நலன் ஏதாவது தீராமல் நிற்க வேண்டும். ஆனால் அது அவர்களுக்குள் இருக்கும் விதி. அதைக் காட்டி நாம் கோர்ட்டில் கேஸை உடைக்க முடியாது.

பிப்ரவரி 12, மதியம் 12.30

இன்னொரு வாசகர் ‘பையன் கவுண்டி ஜெயிலில்தானே இருக்கிறான், அப்போ அது ஸ்டேட் கேஸாகத்தான் இருக்கும்’ என்று எழுதியிருக்கிறார். (கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் மாவட்டம் மாதிரி.) அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். விசாரணைக் கைதிகளை வைக்க ஃபெடரல் மார்ஷல்கள் பல ஊர்களில் கவுண்டி ஜெயிலில் இடம் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். கட்டடத்தின் பெயர் ஒன்றையும் சொல்லாது.

காகிதத்தின் தலைப்பைப் பாருங்கள். வழக்குத் தொடுப்பவர் என்று ‘ஸ்டேட் ஆஃப் டெக்சாஸ்’ இருக்கிறதா, ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ இருக்கிறதா? அந்த ஒரு வரிதான் எந்தக் கட்டடம் என்று சொல்லும். பிறகு அதற்குக் கீழே ‘இண்டைட்மென்ட்’ (குற்றப்பத்திரிகை) என்றிருக்கிறதா, ‘கிரிமினல் கம்ப்ளெயின்ட்’ (அதற்கு முந்தைய புகார்) என்றிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

பிப்ரவரி 12, மதியம் 12.42

மிக அவசரம். தம்பியிடம் பேச முடிந்தால் இதைச் சொல்லுங்கள்: வக்கீல் இல்லாமல் ஃபெடரல் விசாரணை ஏஜென்ட்டிடம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஃபெடரல் அதிகாரியிடம் விஷயத்தைப் பாதிக்கும் பொய்யைத் தெரிந்தே சொன்னால் அதுவே தனிக் குற்றம், ஐந்து வருஷம் வரை. சத்தியம் செய்திருக்க வேண்டியதில்லை, வீட்டு வாசலில் நின்று சொன்னதும் கணக்கில் வரும். பயத்தில் ‘எனக்கு யாரையும் தெரியாது’ என்று சொல்லிவிடுவான். மௌனம் அவன் உரிமை. ஜெயில் போனில் கேஸைப் பற்றி நீங்களும் பேசாதீர்கள், பதிவாகும்.

பிப்ரவரி 12, இரவு 9.30

‘ஒரு பாட்டியிடம் பணம் வாங்கப் போனது எப்படி வாஷிங்டன் விவகாரம் ஆகும்?’ நல்ல கேள்வி.

எல்லாவற்றையும் குற்றமாக்கும் பொது அதிகாரம் மாநிலங்களுக்குத்தான் உண்டு. வாஷிங்டனுக்கு அரசியல் சாசனம் பெயர் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்: கள்ள நோட்டு, கடற்கொள்ளை, தேசத் துரோகம் மாதிரி. மற்றதெல்லாம் சாசனத்தில் வேறு ஏதாவது அதிகாரத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவை. அஞ்சல் அவர்களுடையது, அதனால் 1872இலேயே அஞ்சல் மோசடி ஃபெடரல் குற்றம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அவர்களுடையது, அதனால் 1952இல் தொலைத்தொடர்பு வழி மோசடி வந்தது. ஒரு போன் அழைப்போ ஒரு மின்னஞ்சலோ மாநில எல்லையைத் தாண்டினால் போதும்.

இந்தப் பார்சல் கூட்டங்களில் பாட்டிக்கு வரும் மிரட்டல் போன் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகிறது. உங்கள் தம்பி வாசலில் நின்ற கடைசிக் கண்ணி. ஆனால் சதித்திட்டம் என்று சார்ஜ் போட்டால் மொத்தச் சங்கிலியும் அவனோடு சேர்ந்து வரும்.

வணிகம் என்ற இந்தக் கொக்கிக்கும் எல்லை உண்டு. அதைக் காட்டியது உங்கள் டெக்சாஸ்தான். 1992இல் சான் அன்டோனியோவில் 12ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுபோனான். முதலில் பிடித்தது மாநிலம். மறுநாளே ஃபெடரல் எடுத்துக்கொண்டது, மாநில கேஸ் போய்விட்டது, உங்கள் தம்பி கதை மாதிரியே. 1995இல் லோபஸ் தீர்ப்பு 5-4 என்று அந்த ஃபெடரல் சட்டத்தையே செல்லாது என்றது. பள்ளியில் துப்பாக்கி வைத்திருப்பது வணிகம் ஆகாது என்றார்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சும்மா இருக்கவில்லை. மாநிலம் தாண்டி வந்த துப்பாக்கி என்று ஒரு வரியைச் சேர்த்து அதே சட்டத்தைத் திரும்பப் போட்டது.

பிப்ரவரி 13, இரவு 8.10

‘சுருக்கமா சொன்னா பெரிய குற்றம் ஃபெடரல், சின்னது ஸ்டேட்’ என்று ஒரு அண்ணன் முடித்துவைத்திருக்கிறார். அண்ணா, அப்படி இல்லை. இந்த நாட்டில் கொலை வழக்குகளில் மிகப் பெரும்பாலானவை மாநில வழக்குகள். அஞ்சல் பெட்டியை உடைப்பது ஃபெடரல்.

ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். 1995 ஏப்ரல் 19, குண்டு வெடித்து 168 பேர் செத்தார்கள், காப்பகத்தில் இருந்த குழந்தைகள் உட்பட. ஃபெடரல் குற்றப்பத்திரிகையில் கொலை என்று எண்ணப்பட்டது எத்தனை பேர்? எட்டு. அந்த எட்டுப் பேரும் பணியில் இருந்த ஃபெடரல் அதிகாரிகள், அவர்களைக் கொல்வதுதான் ஃபெடரல் கொலைக் குற்றம். மற்ற 160 பேர் குண்டு வைத்த குற்றத்துக்குள் வருகிறார்கள், தனித்தனிக் கொலையாக அல்ல. குண்டு வைத்த மக்வே 2001இல் தூக்கிலிடப்பட்டார். (மன்னிக்கவும், தூக்கு இல்லை, ஊசி. பழக்கத்தில் வந்துவிட்டது.) கூட்டாளி நிக்கோல்ஸுக்கு ஃபெடரல் கோர்ட் ஆயுள் கொடுத்தது. அதோடு முடிந்திருக்கலாம். ஓக்லஹோமா மாநிலம் விடவில்லை. 2004இல் 161 கொலைகளுக்காக, மீதி 160 பேரும் ஒரு கருவும் சேர்த்து, தனியாக விசாரித்துத் தண்டித்தது.

அவர் ஏற்கனவே ஆயுள் கைதி, எதற்கு இன்னொரு விசாரணை, வீண் செலவு என்று அன்றைக்குப் பலர் கேட்டார்கள். எனக்கு அது வீணாகத் தெரியவில்லை. தன் பிள்ளையின் பெயர் ஒரு கொலைக் குற்றச்சாட்டில் தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு தாய்க்குத் தோன்றாதா? முந்தாநாள் கின்ஸ்பர்க் பக்கம் என்று எழுதினேன். இதை நினைத்தால் அந்தப் பக்கம் முழுசாக நிற்க முடியவில்லை.

நம் ஆட்களுக்கு நெருக்கமான வழக்கு கான்சஸ். 2017 பிப்ரவரி 22, ஒலேத்தாவில் ஒரு மதுக்கூடத்தில் பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வாரம் எங்கள் அலுவலகத்தில் இந்தியர்கள் யாரும் சத்தமாகத் தமிழிலோ தெலுங்கிலோ பேசவில்லை. 2018இல் கான்சஸ் மாநிலம் திட்டமிட்ட கொலை என்று சுட்டவனுக்கு ஆயுள் கொடுத்தது, 50 வருஷத்துக்கு பரோல் (தண்டனை முடியும் முன்பே விடுவது) இல்லை. அதே வருஷம் ஃபெடரல் கோர்ட் வெறுப்புக் குற்றத்துக்காகத் தனியாக ஆயுள் கொடுத்தது. கான்சஸ் கேட்டது ‘கொன்றாயா’ என்று. ஃபெடரல் கேட்டது ‘அவருடைய நிறத்துக்காகவும் பிறந்த நாட்டுக்காகவும் கொன்றாயா’ என்று. இரண்டுக்கும் அவன் ‘ஆம்’ என்று ஒப்புக்கொண்டான். இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிப்ரவரி 14, மாலை 7.00

டாலஸ் தம்பி எழுதிவிட்டார்: தலைப்பு ‘யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா’, கீழே ‘கிரிமினல் கம்ப்ளெயின்ட்’. நேற்று மாஜிஸ்ட்ரேட் ஜட்ஜ் முன் விசாரணை நடந்து அவருடைய தம்பியை நிபந்தனைகளோடு வெளியே விட்டுவிட்டார். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வடக்கு டெக்சாஸ் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது, அண்ணன் வீட்டில்தான் இருக்க வேண்டும். நல்ல செய்தி.

‘பாண்டு ஏஜென்ட் யாரையும் பார்க்கவே இல்லையே’ என்று ஆச்சரியப்பட்டிருக்கிறார். ஆமாம். மாநிலத்தில் ஜாமீன் என்றால் பல இடங்களில் காசு. ஏஜென்ட்டுக்குப் பொதுவாகப் பத்து சதவீதம் கட்டுவீர்கள். நவம்பரில் நீங்கள் கட்டியது கேஸ் டிஸ்மிஸ் ஆனாலும் திரும்பாது, அது அவருடைய கட்டணம். ஃபெடரலில் 1984ஆம் வருஷச் சட்டப்படி நீதிபதி பார்ப்பது இரண்டு: ஓடிவிடுவானா, மற்றவர்களுக்கு ஆபத்தா. கட்ட முடியாத தொகையைப் போட்டு உள்ளே வைக்கக்கூடாது. அதற்குப் பதில், ஆபத்து என்று நினைத்தால் எவ்வளவு பணம் இருந்தாலும் வெளியே விடமாட்டார்கள். எங்கள் நியூ ஜெர்ஸியும் 2017 முதல் கிட்டத்தட்ட இதே வழிக்கு வந்துவிட்டது. இல்லினாய் 2023 செப்டம்பரில் காசு ஜாமீனையே ஒழித்துவிட்டது. அதனால் ‘ஸ்டேட் என்றால் காசு’ என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

பிப்ரவரி 15, காலை 11.00

நீங்கள் வக்கீலா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. இரண்டு ஜூரிகளில் உட்கார்ந்தவள். முதல் ஜூரிக்குப் பிறகு இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன், விட முடியவில்லை.

முதலாவது 2014, குடியுரிமை வாங்கிய மறு வருஷம். நியூ ஜெர்ஸியின் நியூ பிரன்ஸ்விக்கில் கவுண்டி கோர்ட். வீடு புகுந்து திருடிய வழக்கு. மூன்று நாள், ஜூரிக்குப் படி நாளொன்றுக்கு 5 டாலர். பார்க்கிங், சாப்பாடு எல்லாம் நம் கைக்காசு. சாட்சி சொன்னவர்கள் ஒரு போலீஸ்காரர், பக்கத்து வீட்டுக்காரர், நகையைப் பறிகொடுத்த அம்மா. அந்தத் தெரு எனக்குத் தெரியும். அங்கிருக்கும் காய்கறிக் கடைக்கு வாரா வாரம் போவேன். ஜூரியில் இருந்த மற்றவர்களும் அந்தத் தெருவை ஓட்டிக் கடந்தவர்கள்தான்.

இரண்டாவது 2019, நெவார்க், ஃபெடரல். நாளுக்கு 50 டாலர். எங்களில் ஒருவர் சசெக்ஸ் கவுண்டியின் மலைப்பக்கத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டி வந்தார். மோசடி வழக்கு, மூன்று வாரம், மேஜை நிறைய கோப்புகள். அதில் ஒரு சாட்சியை மறக்கவே மாட்டேன். வங்கியின் கணினிப் பிரிவு ஊழியர், வேறு மாநிலத்திலிருந்து விமானத்தில் வந்திருந்தார். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பணப் பரிமாற்றம் எந்த ஊர்க் கணினி வழியாகப் போனது? அவர் வேறொரு மாநிலத்தின் பெயரைச் சொன்னார். நன்றி, போகலாம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அப்போது புரியவே இல்லை. கடைசியில் நீதிபதி எங்களுக்கு விளக்கும்போதுதான் தெரிந்தது, அந்தப் பதில் இல்லாவிட்டால் ஃபெடரல் கேஸே இல்லை. ஏமாற்றினார் என்று நிரூபித்தால் மட்டும் போதாது, மாநில எல்லை தாண்டியது என்றும் நிரூபிக்க வேண்டும். புதன்கிழமை இரவு லோபஸ் பற்றி எழுதியபோது அந்த ஊழியரின் முகம்தான் கண்ணில் நின்றது.

இரண்டு இடத்திலும் 12 பேரும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. எல்லா மாநிலத்திலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். லூசியானாவிலும் ஓரிகனிலும் 10 பேர் போதும் என்று இருந்ததை 2020இல்தான் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது.

பிப்ரவரி 16, இரவு 9.45

தண்டனை பற்றிக் கேட்டவருக்கு. பல மாநிலங்களில் பரோல் வாரியம் இருக்கிறது. பத்து வருஷம் என்று சொல்லிவிட்டு நாலில் வெளியே வருவது நடக்கும். ஃபெடரலில் 1987 நவம்பர் 1க்குப் பிறகு செய்த குற்றத்துக்கு பரோல் கிடையாது. நன்னடத்தைக்கு வருஷத்துக்கு 54 நாள் வரை கழியும், பத்து வருஷம் என்றால் எட்டரை உட்கார வேண்டும். 2018இல் வந்த சட்டத்தால் பயிற்சி வகுப்புகளுக்குக் கூடுதல் சலுகை உண்டு, ஆனால் நாடுகடத்தும் உத்தரவு இறுதியாகிவிட்டவர்களுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. நம் பிள்ளைகளைப் பாதிப்பது இந்த வரி. சிறையும் மாநிலத்துக்குள் இருக்க வேண்டும் என்றில்லை.

டாலஸ் தம்பி, இணையத்தில் ‘20 வருஷம்’ என்று படித்துவிட்டு ராத்திரி எனக்குத் தனிச் செய்தி அனுப்பியிருந்தீர்கள்.

பிப்ரவரி 17, காலை 6.20

மேலே பாதியில் நிறுத்திவிட்டேன், அது தப்பு. 20 என்ற எண்ணைப் போட்டுவிட்டு விளக்காமல் போகக்கூடாது.

தொலைத்தொடர்பு மோசடிக்கு 20 வருஷம் என்பது உச்சவரம்பு. அரசு வக்கீல்கள் பத்திரிகைக் குறிப்பில் அதைத்தான் போடுவார்கள். நடப்பில் நீதிபதி முன்னால் ஓர் அட்டவணை இருக்கிறது: ஒரு பக்கம் குற்றத்தின் எடை 43 படி, இன்னொரு பக்கம் பழைய குற்றங்களைப் பொறுத்து 6 கட்டம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் மாதக் கணக்கு இருக்கும். 2005இல் புக்கர் தீர்ப்புக்குப் பிறகு அது கட்டாயம் இல்லை, ஆனால் நீதிபதி அங்கிருந்துதான் தொடங்குகிறார். மோசடியில் படியை ஏற்றுவது பண இழப்பு. அவன் கையில் வாங்கிய ஒரு பார்சலா, கூட்டம் அள்ளிய மொத்தமா, எதை அவன் கணக்கில் எழுதுவது என்பதுதான் உங்கள் வக்கீல் போராட வேண்டிய இடம். முதல் குற்றம், கடைநிலை ஆள், இரண்டும் அவனுக்குச் சாதகம். 20 என்ற எண்ணை அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

பிப்ரவரி 19, இரவு 10.00

பேச்சு, பங்குச் சந்தை உள்தகவல் வழக்கில் சிக்கிய ராஜ் ராஜரத்தினத்துக்குப் போய்விட்டது. ‘நியூயார்க் மாநிலம்தானே அவரைப் பிடித்தது’ என்று எழுதியவருக்கு: இல்லை. அவர் மேல் வழக்கு நடத்திய பிரீத் பராரா நியூயார்க் நகரில் உட்கார்ந்திருந்தாலும் ஃபெடரல் வக்கீல், குடியரசுத் தலைவர் நியமித்தவர். அதே மன்ஹாட்டனில் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி தனியாக இருக்கிறார். கொழும்பில் பிறந்த தமிழர் ராஜரத்தினம் 2009 அக்டோபரில் கைதாகி, 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டிலும் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 11 வருஷம் பெற்றது முழுக்க ஃபெடரல். போனை ஒட்டுக்கேட்ட பதிவுகள் அங்கே பெரிய ஆயுதம்.

அந்த இரு அலுவலக வித்தியாசம் எதற்கு முக்கியம் என்றால், மன்னிப்புக்கு. குடியரசுத் தலைவரால் ஃபெடரல் குற்றத்தை மட்டும்தான் மன்னிக்க முடியும். 2024 மே 30இல் மன்ஹாட்டன் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி வழக்கில் டிரம்ப் 34 குற்றச்சாட்டில் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. அது மாநில வழக்கு, வெள்ளை மாளிகையில் உட்கார்ந்து தனக்குத் தானே அதை மன்னித்துக்கொள்ள முடியாது.

இதோடு முதல் நாள் எழுதியதற்கு ஒரு திருத்தம். இரட்டை வழக்கு எங்கேயும் செல்லும் என்கிற தொனியில் எழுதிவிட்டேன். அரசியல் சாசனம் தடுக்கவில்லை என்பது மட்டும்தான் சரி. சில மாநிலங்கள் தங்கள் சட்டத்திலேயே தங்களைக் கட்டிக்கொண்டிருக்கின்றன. மன்ஹாட்டன் டிஸ்ட்ரிக்ட் அட்டர்னி அலுவலகம் டிரம்ப்பின் முன்னாள் பிரசார மேலாளர் பால் மனஃபோர்ட் மேல் போட்ட வழக்கை, ஃபெடரல் கோர்ட் ஏற்கனவே விசாரித்துவிட்டது என்று 2019 டிசம்பரில் நியூயார்க் நீதிபதியே தள்ளினார்.

பிப்ரவரி 22, காலை 10.30

‘கலிஃபோர்னியாவில் கஞ்சா சட்டப்படி சரிதானே, எச்-1பி வேலை விசால இருக்கிறவங்க வாங்கினா என்ன?’

வாங்காதீர்கள். 1970ஆம் வருஷ ஃபெடரல் சட்டத்தில் அது இன்றும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். கலிஃபோர்னியா மருத்துவத்துக்கு அனுமதித்ததைக்கூட ஃபெடரல் தடுக்கலாம் என்று 2005இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கடைக்காரரை யாரும் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால் குடியேற்றச் சட்டம் ஃபெடரல். விமான நிலையத்திலோ தூதரகத்திலோ கேள்வி கேட்டு நீங்கள் ஒப்புக்கொண்டாலே போதும், தண்டனை எதுவும் இல்லாமலே உள்ளே விடாமல் இருக்க முடியும்.

விசாவில் இருப்பவர்களுக்கு ஸ்டேட் கேஸா ஃபெடரல் கேஸா என்பது ஓர் இடத்தில் மட்டும் வித்தியாசமே இல்லை, அது குடியேற்றம் என்கிற இந்த இடம்தான். கெண்டக்கியில் லாரி ஓட்டிய ஹோண்டுராஸ்காரர் பாடில்லா, வியட்நாம் போருக்கு அமெரிக்காவுக்காகப் போய் வந்தவர், 40 வருஷத்துக்கு மேல் கிரீன் கார்டில் இருந்தவர். ‘இத்தனை வருஷம் இங்கே இருக்கிறாய், கவலைப்படாதே’ என்று வக்கீல் சொன்னதை நம்பி மாநில கோர்ட்டில் கஞ்சா வழக்கை ஒப்புக்கொண்டார். நாடுகடத்தல் வந்து நின்றது. 2010இல் உச்ச நீதிமன்றம், இதைச் சொல்லி எச்சரிப்பது வக்கீலின் கடமை என்றது. மாநிலம் பதிவை அழித்துத் தந்தாலும், ‘டெஃபர்ட்’ என்று தீர்ப்பைத் தள்ளிவைத்தாலும், குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதாவது நிபந்தனையும் விதிக்கப்பட்டிருந்தால் குடியேற்றத் துறைக்கு அது தண்டனைதான். கடையில் சின்னத் திருட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து பிறகு என்னிடம் கேட்டவர்கள் எத்தனை பேர்.

மார்ச் 12, இரவு 9.15

டாலஸ் தம்பி நேற்றுச் செய்தி அனுப்பியிருக்கிறார். கிராண்ட் ஜூரி (வழக்கு நடத்த ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் பொதுமக்கள் குழு) குற்றப்பத்திரிகை கொடுத்துவிட்டது, ஒரே ஒரு சதித்திட்டக் குற்றச்சாட்டு. பயந்துபோய் ‘ஏன் திடீரென்று’ என்கிறார். திடீரென்று இல்லை. கம்ப்ளெயின்ட்டில் கைது செய்தால் 30 நாளில் குற்றப்பத்திரிகை வந்தாக வேண்டும். பிப்ரவரி 10இல் கைது, இன்றோடு கெடு. கிராண்ட் ஜூரியில் 16 முதல் 23 பேர் இருப்பார்கள், 12 பேர் சரி என்றால் போதும், உங்கள் வக்கீலுக்கு உள்ளே இடமில்லை. அதை வைத்து அவன் குற்றவாளி என்று முடிவாகிவிட்டதாக நினைக்காதீர்கள். மாநிலங்கள் பலவற்றில் இந்தப் படியே கட்டாயம் இல்லை, ஐந்தாவது திருத்தத்தின் அந்த வரி மாநிலங்களைக் கட்டாது என்று 1884லேயே சொல்லிவிட்டார்கள்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அழுதுவிட்டு, ‘சாப்பிட்டானா’ என்று கேட்டார்களாம். அதைப் படித்துவிட்டு நானும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இவ்வளவு குறைக்கிறோம் என்று பேரம் பேசும் காகிதம் வரும். ஃபெடரல் வழக்குகளில் பத்தில் சுமார் ஒன்பது ஒப்புக்கொள்வதில்தான் முடிகின்றன. அதில் இழப்புத் தொகை என்று ஓர் எண் இருக்கும். 10,000 டாலரைத் தாண்டிய மோசடி குடியேற்றச் சட்டத்தில் மிக மோசமான வகை. 1985இல் இந்தியாவிலிருந்து வந்த நிஜவன் என்பவரின் வழக்கில், ஜூரி தொகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, தண்டனைக் கட்டத்தில் அவர் ஒத்துக்கொண்ட எண்ணை வைத்தே நாடுகடத்தலாம் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் கிரிமினல் வக்கீல் நல்லவராகவே இருந்தாலும், அந்த எண்ணைக் குடியேற்ற வக்கீல் ஒருவர் பார்க்காமல் உங்கள் தம்பி கையெழுத்துப் போடக்கூடாது. பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்குக் கொடுத்த ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.